தில்லி மாநகராட்சி: வாக்கு மக்களிடம், அதிகாரம் யாரிடம்?

புது தில்லி: தில்லி மாநகராட்சிப் பள்ளிகளில் பயிலும் லட்சக்கணக்கான ஏழைக் குழந்தைகளுக்கு 2024ஆம் ஆண்டு கல்வியாண்டு தொடங்கிய பின்னரும் பாடப் புத்தகங்களும் நோட்டுப் புத்தகங்களும் சீருடையும் சென்று சேரவில்லை. விவகாரம் தில்லி உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. மாநகராட்சி ஆணையர் அளித்த விளக்கம் எளிமையானது. ரூ.5 கோடிக்கு மேற்பட்ட ஒப்பந்தம் எதற்கும் நிலைக்குழுவின் ஒப்புதல் வேண்டும்; மாநகராட்சியிலோ நிலைக்குழுவே இல்லை.

தேர்தல் முடிந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட 250 மாமன்ற உறுப்பினர்கள் இருந்தனர். மேயர் இருந்தார். ஆயினும், செலவுக்கு ஒப்புதல் தர வேண்டிய 18 பேர் கொண்ட குழு மட்டும் அமையவில்லை. 2024 ஏப்ரல் 29ஆம் தேதி, ரூ.5 கோடி வரம்பைப் பொருட்படுத்தாமல் குழந்தைகளுக்கான செலவை மேற்கொள்ளுமாறு ஆணையருக்கு உயர்நீதிமன்றம் அனுமதி அளித்தது. குழந்தைகளின் நலன் கருதி நீதிமன்றம் எடுத்த அந்த முடிவில் குறை காண்பதற்கில்லை. ஆனால், மக்கள் பிரதிநிதிகளின் குழு இல்லாததால் எழுந்த சிக்கலுக்கு, அதிகாரியின் அதிகாரத்தைக் கூட்டுவதுதான் தீர்வாக அமைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாட்டின் நகராட்சி அமைப்புகள் அனைத்தையும் பீடித்திருக்கும் நோய் இது. மாமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறோம். அவரிடம் புகார் சொல்கிறோம். குப்பை அள்ளவில்லை என்றால் அவரைத்தான் ஏசுகிறோம். அவர் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

சட்டம் சொல்வது என்ன?: அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளுக்கு அரசியல் சாசன அங்கீகாரம் கிடைத்தது. ஐந்து ஆண்டு பதவிக்காலம், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், மகளிருக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடஒதுக்கீடு, மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் என்று பலவற்றை அத்திருத்தம் வகுத்தது. நகரத் திட்டமிடல் முதல் குடிநீர், பொது சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு வரை 18 பணிகள் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிடப்பட்டன.

ஆனால், அந்தப் பணிகளை ஒப்படைப்பதா, வேண்டாமா என்ற முடிவை மாநிலச் சட்டப்பேரவைகளின் விருப்பத்துக்கே திருத்தம் விட்டுவிட்டது. 'ஒப்படைக்கலாம்' என்று இருக்கிறதே தவிர, 'ஒப்படைக்க வேண்டும்' என்று இல்லை. இதன் விளைவு, 18 மாநிலங்களில் மேற்கொள்ளப்பட்ட தணிக்கைகளைத் தொகுத்து 2024ஆம் ஆண்டு வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கையில் தெளிவாகத் தெரிந்தது. 18 பணிகளில் சராசரியாக 17 பணிகள் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டிருந்தாலும், முழு உரிமையுடன் நகராட்சிகளின் கையில் இருப்பவை நான்கு மட்டுமே என்று அது சுட்டிக்காட்டியது. ஏட்டில் இருப்பது வேறு, நாட்டில் நடப்பது வேறு.

தலைநகரின் விந்தை: தில்லியில் இந்த முரண்பாடு இன்னும் கூர்மையானது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 ஏப்ரலில் உருவானது தில்லி மாநகராட்சி. நிர்வாக அதிகாரம் முழுவதும் ஆணையரிடம். அவரை நியமிப்பது மத்திய அரசு. மேயர் மாமன்றக் கூட்டங்களுக்குத் தலைமை வகிப்பவர். ஓராண்டு மட்டுமே பதவியில் இருப்பவர். முதல் ஆண்டு பெண்ணுக்கும் மூன்றாம் ஆண்டு பட்டியல் இனத்தவருக்கும் மேயர் பதவி ஒதுக்கப்பட்டிருக்கிறது. சமூக நீதி நோக்கில் இது வரவேற்கத்தக்கது. ஆனால், அலுவலகத்தின் கோப்புகளைப் படித்து முடிப்பதற்குள் பதவிக்காலம் முடிந்துவிடும் மேயரால், அனுபவம் மிக்க இந்திய ஆட்சிப் பணி அதிகாரியை எப்படிக் கேள்வி கேட்க முடியும்?

மாமன்ற உறுப்பினரின் நிலை இதனினும் பரிதாபமானது. ஒரு வார்டில் சராசரியாக 65 ஆயிரம் பேர் வசிக்கின்றனர். தெருவில் சாக்கடை பொங்கினால் மக்கள் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகின்றனர். கழிவுநீர்க் குழாயோ தில்லி குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அகலமான சாலைகள் தில்லி அரசின் பொதுப்பணித் துறைக்கு உரியவை. நிலம், தில்லி வளர்ச்சி ஆணையம் வழியாக மத்திய அரசிடம் இருக்கிறது. காவல் துறையும் அப்படியே. நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் இருக்கும் புது தில்லி நகராட்சிப் பகுதியிலும் கண்டோன்மென்ட் பகுதியிலும் அவருக்கு வேலையே இல்லை. எஞ்சியவை துப்புரவு, தொடக்கப் பள்ளி, பூங்கா, சிறு சாலை, உரிமம், சொத்து வரி, பிறப்பு - இறப்புப் பதிவு ஆகியவையே. இவற்றிலும் அவரால் பரிந்துரைக்க முடியுமே தவிர, உத்தரவிட முடியாது.

அதிகாரத்தின் சாவி எங்கே?: உத்தரவிடும் அதிகாரம் ஓரளவேனும் மக்கள் பிரதிநிதிகளிடம் இருக்கிறது என்றால், அது நிலைக்குழுவில்தான். பெரிய ஒப்பந்தங்கள், வரவு - செலவுத் திட்டப் பரிசீலனை ஆகியவை அதன் வழியாகவே செல்ல வேண்டும். அதன் 18 உறுப்பினர்களில் ஆறு பேரை மாமன்றமும், 12 பேரை 12 மண்டலங்களின் வார்டு குழுக்களும் தேர்ந்தெடுக்கின்றன. 2022 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு நடந்த மோதல் அனைத்தும் மேயர் நாற்காலிக்காக நடந்தது போலத் தோன்றினாலும், உண்மையில் அது இந்த 18 இடங்களுக்கான போர்தான்.

அந்தத் தேர்தலே தாமதமாகத்தான் நடந்தது. 2012இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட மாநகராட்சியை மீண்டும் ஒன்றாக்க மத்திய அரசு முடிவு செய்ததால், 2022 மார்ச்சில் அறிவிக்கப்படவிருந்த தேர்தல் தள்ளிப்போனது. மே 22 முதல் சிறப்பு அதிகாரியின் கையில் நிர்வாகம் சென்றது. 272 வார்டுகள் 250 ஆகக் குறைக்கப்பட்டன. டிசம்பர் 4ஆம் தேதி வாக்குப் பதிவு நடைபெற்று, ஆம் ஆத்மி கட்சி 134 இடங்களிலும் பாஜக 104 இடங்களிலும் காங்கிரஸ் 9 இடங்களிலும் சுயேச்சைகள் 3 இடங்களிலும் வென்றனர். 15 ஆண்டு கால பாஜக நிர்வாகம் முடிவுக்கு வந்தது.

முடிவுக்கு வந்தது என்று மக்கள் நினைத்தனர். ஆனால், துணைநிலை ஆளுநர் 10 பேரை நியமன உறுப்பினர்களாக அறிவித்தார். 2023 ஜனவரி 6, ஜனவரி 24, பிப்ரவரி 6 ஆகிய மூன்று நாள்களில் கூடிய மாமன்றம் மூன்று முறையும் அமளியில் கலைந்தது. நியமன உறுப்பினர்கள் மேயர் தேர்தலில் வாக்களிக்கலாமா என்பதுதான் சர்ச்சை. அரசியல் சாசனம் அதை அனுமதிக்கவில்லை என்று பிப்ரவரி 17ஆம் தேதி உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஐந்து நாள்கள் கழித்து நடைபெற்ற தேர்தலில் ஆம் ஆத்மியின் ஷெல்லி ஓபராய் 150 வாக்குகள் பெற்று வென்றார். அவரிடம் 116 வாக்குகளுடன் தோற்ற பாஜக வேட்பாளர் ரேகா குப்தா.

மாமன்றத்தில் வாக்குரிமை இல்லாத நியமன உறுப்பினர்களுக்கு, வார்டு குழுக்களில் வாக்குரிமை இருக்கிறது. போரின் அடுத்த களம் அதுதான். நியமிக்கப்பட்ட பத்துப் பேரும் நகரெங்கும் பரவலாக அன்றி, சில மண்டலங்களில் மட்டும் இடம்பெற்றனர். அமைச்சரவையின் ஆலோசனையைப் பெறாமல் துணைநிலை ஆளுநர் அவர்களை நியமித்தது செல்லுமா என்ற வழக்கு உச்சநீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது. அது சட்டம் அவருக்கு நேரடியாக அளித்துள்ள அதிகாரம் என்று 2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அடுத்த மாதம் நடந்த மண்டலத் தேர்தல்களில் பாஜக ஏழு மண்டலங்களையும், மாமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த ஆம் ஆத்மி ஐந்து மண்டலங்களையும் கைப்பற்றின.

இதில் எந்தக் கட்சியும் தூய்மை பேசுவதற்கில்லை. மண்டலத் தேர்தலை நடத்தத் தலைமை அலுவலர்களை நியமிக்க ஆம் ஆத்மியின் மேயர் மறுத்தார். உடனே துணைநிலை ஆளுநரின் உத்தரவின்பேரில் மண்டலத் துணை ஆணையர்களே தலைமை வகித்தனர். நிலைக்குழுவின் கடைசி இடத்துக்கான தேர்தல், மேயருக்குப் பதிலாகக் கூடுதல் ஆணையர் தலைமையில் 2024 செப்டம்பர் 27ஆம் தேதி நடைபெற்றது. ஆம் ஆத்மியும் காங்கிரஸும் அதைப் புறக்கணித்தன. மக்கள் மன்றத்தின் தேர்தலை அதிகாரிகள் நடத்திவைக்கும் காட்சியைத் தலைநகரம் ஒரே மாதத்தில் இரு முறை கண்டது. நிலைக்குழுத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது 2025 ஜூன் ஆகிவிட்டது. மக்கள் வாக்களித்து இரண்டரை ஆண்டுகள், அதாவது பதவிக்காலத்தில் ஏறத்தாழ பாதி.

உயிர்களுக்கு யார் பொறுப்பு?: இந்தப் பாதிக் காலத்தில் நகரம் காத்திருக்கவில்லை. 2024 ஜூலை 27ஆம் தேதி பழைய ராஜேந்திர நகரில், குடிமைப் பணித் தேர்வுக்கான பயிற்சி மையம் ஒன்றின் தரைத்தளத்துக்குக் கீழுள்ள நூலகத்தில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அடித்தளத்தை நூலகமாகப் பயன்படுத்த அனுமதித்தது யார், மழைநீர் வடிகாலைத் தூர்வாராமல் விட்டது யார் என்ற கேள்விகள் எழுந்தன. இளநிலைப் பொறியாளர் ஒருவர் பணி நீக்கப்பட்டார். உதவிப் பொறியாளர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஆம் ஆத்மி, துணைநிலை ஆளுநரையும் அதிகாரிகளையும் கைகாட்டியது. பாஜக, மாநகராட்சியை ஆண்ட ஆம் ஆத்மியைக் கைகாட்டியது. விசாரணை மத்தியப் புலனாய்வு அமைப்புக்கு மாற்றப்பட்டது.

அதிகாரம் ஒருவரிடமும் பொறுப்பு இன்னொருவரிடமும் இருக்கும் அமைப்பில், விபத்து நேரும்போது இருவருமே தப்பித்துக்கொள்வது எளிது. மாமன்ற உறுப்பினர் தனக்கு அதிகாரமில்லை என்பார். ஆணையர் தான் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்ல என்பதால் மக்களிடம் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் இல்லை. காஜிபூர், பல்ஸ்வா, ஓக்லா ஆகிய இடங்களில் மலைபோல் எழுந்த குப்பைக் குன்றுகள் இப்படித்தான் வளர்ந்தன. 2017 செப்டம்பரில் காஜிபூர் குன்று சரிந்து இருவர் உயிரிழந்த பின்னரும் அது ஒரு துறையின் தோல்வியாகவே பேசப்பட்டது. ஒரு முறையின் தோல்வியாக அல்ல.

மன்றமே இல்லாத நகரங்கள்: தில்லியில் மன்றம் இருந்தும் அதிகாரம் இல்லை. வேறு பெருநகரங்களில் மன்றமே இல்லாமல் ஆண்டுகள் கழிந்தன. நாட்டிலேயே பணக்கார மாநகராட்சியான மும்பையின் மாமன்றப் பதவிக்காலம் 2022 மார்ச் 7ஆம் தேதி முடிந்தது. அடுத்த தேர்தல் நடைபெற்றது 2026 ஜனவரியில். இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், பல்லாயிரம் கோடி ரூபாய் வரவு - செலவுத் திட்டங்களை அதிகாரி ஒருவரே தாக்கல் செய்து, நிர்வாகி என்ற முறையில் அவரே ஏற்றுக்கொண்டார். பெங்களூரில் மாமன்றம் 2020 செப்டம்பரில் முடிவுற்றது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. அந்த ஆண்டு முடியும்வரை அங்குத் தேர்தல் நடைபெறவில்லை.

சென்னையும் விதிவிலக்கல்ல. 2016 அக்டோபரில் முடிந்த மாமன்றத்துக்குப் பிறகு, 2022 பிப்ரவரி வரை சென்னை தனி அதிகாரியின் ஆளுகையில் இருந்தது. கொள்ளைநோய்க் காலத்திலும் வார்டுக்கென்று ஒரு மக்கள் பிரதிநிதி இல்லை.

ஐந்து ஆண்டு முடிவதற்குள் தேர்தலை முடித்தாக வேண்டும், வார்டு மறுவரையறை போன்றவற்றைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது என்று ஆமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2006ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறிவிட்டது. அத்தீர்ப்புக்குப் பின்னரே மேற்சொன்ன தாமதங்கள் அனைத்தும் நிகழ்ந்தன. சட்டப்பேரவைத் தேர்தல் ஒரு மாதம் தாமதமானால் கொதித்தெழும் கட்சிகள், மாநகராட்சித் தேர்தல் நான்கு ஆண்டுகள் தாமதமானாலும் அமைதி காப்பதற்குக் காரணம் இருக்கிறது. மாநிலத்தை ஆளும் எந்தக் கட்சிக்கும், நகரத்தில் இன்னோர் அதிகார மையம் உருவாவதில் விருப்பமில்லை. சட்டப்பேரவை உறுப்பினருக்கும் தன் தொகுதிக்குள் செல்வாக்குள்ள மாமன்ற உறுப்பினர் வளர்வதில் உடன்பாடில்லை.

மறுபக்கம்: மாமன்ற உறுப்பினர்களுக்கு அதிகாரம் தருவது ஊழலுக்கு வழிவகுக்கும் என்பது பரவலான எதிர்வாதம். வீடு கட்டுபவர்களிடம் பணம் கேட்பது, ஒப்பந்தக்காரர்களுடன் கைகோப்பது, பெண்களுக்கு ஒதுக்கிய வார்டுகளில் கணவரே உறுப்பினராக வலம் வருவது ஆகியவை மக்கள் அன்றாடம் காண்பவை. இவற்றை மறைக்கத் தேவையில்லை. தில்லி மாமன்ற உறுப்பினருக்கு நெடுங்காலமாக மாத ஊதியம் இல்லை; கூட்டத்துக்கு ரூ.300 படிதான். முழுநேரப் பணியைச் சம்பளமின்றிச் செய்யச் சொல்லிவிட்டு, அவர் வேறு வழியில் சம்பாதிக்கிறார் என்று குறைகூறுவது எவ்வகையில் பொருந்தும்?

அதிகாரிகளின் ஆட்சி நடைபெற்ற ஆண்டுகளில் ஊழல் ஒழிந்து நகரங்கள் பளிச்சிட்டன என்று எவரும் சொல்லவில்லை. ஒரே ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தவறு செய்யும் உறுப்பினரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வீட்டுக்கு அனுப்பலாம். ஆணையரை அப்படி அனுப்ப முடியாது.

மக்கள் அளித்த தீர்ப்பு பதவிக்காலத்தின் நடுவிலேயே மாறிவிடுவது இன்னொரு குறை. கட்சித் தாவல் தடைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கும் சட்டப்பேரவைகளுக்கும் மட்டுமே பொருந்தும். மகாராஷ்டிரமும் கேரளமும் உள்ளாட்சி உறுப்பினர்களுக்குத் தனிச் சட்டம் இயற்றியுள்ளன. தில்லி மாநகராட்சிக்கு அத்தகைய தடை இருக்கவில்லை. 2024 நவம்பரில் ஆம் ஆத்மியின் மகேஷ் கீச்சி மூன்றே வாக்குகள் வித்தியாசத்தில் மேயரானார். அடுத்த சில மாதங்களில் அக்கட்சியிலிருந்து உறுப்பினர்கள் பாஜகவுக்கு மாறினர். 2025 ஏப்ரலில் ஆம் ஆத்மி போட்டியிலிருந்தே விலகியது. பாஜகவின் ராஜா இக்பால் சிங் மேயரானார். வாக்காளர் மீண்டும் வாக்குச்சாவடிக்குச் செல்லாமலேயே பெரும்பான்மை கைமாறியது.

திறமையானவர்கள் மாமன்றத்தில் நிலைப்பதுமில்லை. 2025 பிப்ரவரி சட்டப்பேரவைத் தேர்தலில் 11 மாமன்ற உறுப்பினர்கள் சட்டப்பேரவை உறுப்பினர்களாயினர். மேயர் தேர்தலில் தோற்ற ரேகா குப்தா, இரண்டே ஆண்டுகளில் தில்லியின் முதல்வரானார். மாமன்றம் நல்ல பயிற்சிக் களம் என்பதற்கு இது சான்று. அதே வேளையில், அங்கு இருந்து செய்வதற்கு எதுவுமில்லை என்பதற்கும் இதுவே சான்று.

மாற்று வழிகள்: வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கொல்கத்தா, மேயரின் தலைமையில் உறுப்பினர்களைக் கொண்ட அமைச்சரவை போன்ற முறையைக் கொண்டுவந்தது. அங்கு நிர்வாக அதிகாரம் மேயர் குழுவிடம். ஆணையர் அதன்கீழ்ப் பணிபுரிபவர். கேரளம் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் மூலம் மாநிலத் திட்ட நிதியில் கணிசமான பங்கை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. இவ்விரண்டும் குறைகளற்றவை அல்ல. ஆயினும், நகரம் குறித்த கேள்விக்கு யாரிடம் பதில் கேட்பது என்ற குழப்பம் அங்குக் குறைவு. மேயரே நிர்வாகத் தலைவராக இருக்க வேண்டும், அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது.

தில்லியைப் பொறுத்தவரை செய்ய வேண்டியவை தெளிவானவை. மேயரின் பதவிக்காலம் மன்றத்தின் பதவிக்காலத்துக்கு இணையாக வேண்டும். மேயர் தேர்வும் நிலைக்குழு அமைப்பும் மன்றம் கூடிய குறிப்பிட்ட நாள்களுக்குள் முடிய வேண்டும் என்று சட்டமே கெடு விதிக்க வேண்டும். நியமன உறுப்பினர்களுக்கு எந்தக் குழுவிலும் வாக்குரிமை கூடாது. நிபுணத்துவத்துக்காக வருபவர்கள் ஆலோசனை சொன்னால் போதும். வார்டு மறுவரையறைப் பொறுப்பை அரசிடமிருந்து மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு மாற்றினால், தேர்தலைத் தள்ளிப்போடும் சாக்கு ஒன்று குறையும். கட்சித் தாவலுக்குத் தடை வேண்டும். உறுப்பினருக்கு நியாயமான ஊதியம் வழங்கி, அவரது வார்டில் நடைபெறும் ஒவ்வொரு பணிக்கும் செலவுக் கணக்கை மக்கள் முன் வைக்கும் கடமையையும் சட்டமாக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாடாளுமன்றம்தான் தில்லி மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்த வேண்டும். 2022இல் மூன்று மாநகராட்சிகளை ஒன்றாக்கச் சில வாரங்களில் சட்டம் நிறைவேற்ற முடிந்தது. அந்த ஒன்றிணைந்த மாநகராட்சியின் உறுப்பினர்கள் தங்கள் கடமையைச் செய்ய வழிவகுக்கும் சட்டத்துக்கு மட்டும் நேரமில்லை என்றால் அது ஏற்கத்தக்கதல்ல.

பிரதமரையும் முதல்வரையும் தேர்ந்தெடுப்பதில் நாம் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கை மாமன்ற உறுப்பினரின் அதிகாரம் குறித்தும் காட்டினால், கட்சிகள் அதைப் பேசித்தான் ஆக வேண்டும். அதுவரை மாநகராட்சிப் பள்ளிக் குழந்தையின் புத்தகத்துக்கும் மழைநீர் வடிகாலுக்கும் நீதிமன்றங்களே உத்தரவிட்டுக்கொண்டிருக்கும். நகரத்தை ஆள்வது நீதிமன்றத்தின் வேலையன்று.